தொட்ட காய்

பாலைமுறிப்பு ஸ்டேசன் மாஸ்டர் தில்லைநாதனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. யாராவது முக்கியமான விஷயம் ஒன்றைச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வார். மனைவி நாகேஸ்வரி சம்பலுக்குத் தேங்காய் இல்லை என்று சொன்னாலும் சரி, போர்ட்டர் ஏரம்பு தண்டவாளத்தில் மாடு படுத்திருக்கிறது என்று சொன்னாலும் சரி, கண் மூடும், தலை வலப்பக்கம் கொஞ்சம் சாயும். பார்ப்பவர்கள் மனுசன் நித்திரை என்று நினைப்பார்கள். நித்திரையில்லை. பதினேழு வருடம் ரயில்வே டெலிபோனோடு குடித்தனம் நடத்தியவர் அவர். அவருக்குக் கண்ணைவிடக் காதில்தான் நம்பிக்கை.

பாலைமுறிப்பு மாங்குளத்துக்கு வடக்கே காட்டுக்குள் இருந்த சின்ன ஸ்டேசன். பகலில் நாலு வண்டி, இரவில் இரண்டு. அவற்றில் பாதி நிற்காமலே போகும். ஏறுகிறவர்கள் குடியேற்றத் திட்டத்து வயல்களில் பயிர் செய்யும் கமக்காரர். இறங்குகிறவர்களும் அவர்களேதான். மிச்ச நேரமெல்லாம் வெயிலும் குரங்கும். தில்லைநாதன் 1956இல் அங்கே வந்து சேர்ந்தார். சொந்த ஊர் சண்டிலிப்பாய். ஊர்ப் பக்கமாக மாற்றம் கேட்டு நாலு தடவை எழுதினார். நாலு தடவையும் ‘கவனிக்கப்படும்’ என்று பதில் வந்தது. கவனித்தவர் ஒருவருமில்லை. ஐந்தாவது தடவை அவர் எழுதவில்லை. அதற்குக் காரணம் இஸ்ஸதீன்.

இஸ்ஸதீன் தெற்கே ஆறு மைலில் இருந்த அடுத்த ஸ்டேசனின் மாஸ்டர். வவுனியாப் பக்கத்துக் கமக்காரக் குடும்பம். தில்லைநாதனைவிட ஆறேழு வயது இளையவர். வண்டியை விடுவதற்கு முன் ஒரு ஸ்டேசன் மற்ற ஸ்டேசனைக் கேட்க வேண்டும். ‘லைன் கிளியரோ?’ என்று இவர் கேட்பார். ‘லைன் கிளியர்’ என்று அவர் சொல்வார். வந்த புதிதில் இவ்வளவுதான் கதை. ஒருநாள் மத்தியானம் அப்படிச் சொல்லி முடித்த பிறகும் அந்தப் பக்கத்திலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு ‘டொக்’.

“என்ன சத்தம் உது?”

“செஸ் காய், மாஸ்டர். தனிய ஆடுறன்.”

“தனிய ஏன் ஆடுறீர்?”

“இஞ்சை வேறை ஆர் இருக்கினம்? குரங்குதான். அது காயைத் தூக்கிக்கொண்டு ஓடுது.”

தில்லைநாதன் கொழும்பில் வேலை பழகிய காலத்தில் விடுதியில் செஸ் பழகியவர். அடுத்த வாரமே வவுனியாவிலிருந்து ஒரு பலகையும் காய்களும் வந்து சேர்ந்தன. அன்று தொடங்கிய ஆட்டம் ஆறு வருடம் நடந்தது.

ஆடியது எப்படியென்றால், இருவர் மேசையிலும் ஆளுக்கொரு பலகை. இஸ்ஸதீன் தன் நகர்வை வாயால் சொல்வார். தில்லைநாதன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, அவருடைய காயைத் தன் பலகையில் தன் கையாலேயே எடுத்து வைப்பார். பிறகு தன் காயை நகர்த்தி, அதை வாயால் சொல்வார். அங்கே இஸ்ஸதீனும் அப்படித்தான். ஆக, பாலைமுறிப்பில் கறுப்புக் காயையும் வெள்ளைக் காயையும் நகர்த்தியது ஒரே கை. எதிரே கதிரை கிடந்தது. அதில் ஒருவரும் இல்லை. இந்த ஆறு வருடத்தில் இருவரும் முகத்துக்கு முகம் பார்த்தது ரயில் ஜன்னல் வழியாகப் பத்துப் பதினைந்து தடவை இருக்கும். ஒருவர் ஏதாவது அலுவலாக அந்தப் பக்கம் போனால் மற்றவர் பிளாட்பாரத்தில் கொடி பிடித்துக்கொண்டு நிற்பார். இரண்டு நிமிடம் சிரிப்பார்கள். வண்டி போய்விடும்.

அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. டெலிபோனில் வாயிலிருந்து விழுந்த நகர்வை மாற்ற முடியாது. சொன்னது சொன்னதுதான். ஒருமுறை இஸ்ஸதீன் அவசரத்தில் ராணியைப் பிழையான கட்டத்துக்குச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் “இல்லை இல்லை, மற்றக் கட்டம்” என்றார். தில்லைநாதன் விடவில்லை. “நீர் சொன்னீர். நான் வைச்சாச்சு” என்று சொல்லி ராணியை வெட்டினார். இஸ்ஸதீன் மூன்று நாள் ரயில் கதையைத் தவிர வேறு கதை பேசவில்லை. நாலாம் நாள் அவரே எடுத்து, “நீங்கள் செய்தது சரிதான் மாஸ்டர், ஆனால் நீங்கள் ஒரு கல்லு” என்றார். அதைத் தில்லைநாதன் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

இந்த இருவரும் சேர்ந்து ஆட்டத்தைத் தொடங்கும் ஒரு முறையை, ஒரு திறப்பைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்ததாக நினைத்தார்கள் என்று சொல்வதுதான் நியாயம். வெள்ளைக் காய்க்காரன் தொடக்கத்திலேயே மூன்று சிப்பாய்களை வரிசையாக எதிரிக்குத் தின்னக் கொடுக்க வேண்டும். திரும்பக் கிடைப்பது ஒன்றே ஒன்று. ஆனால் எதிரி தின்று முடிப்பதற்குள் வெள்ளையின் இரண்டு மந்திரிகளும் பக்கம் பக்கமாக வந்து நின்று எதிரி ராசாவின் வாசலை முறைத்துப் பார்க்கும். குளத்துத் துருசைத் திறந்தால் தண்ணீர் முதலில் வீணாய் ஓடுவது போலத்தான் தெரியும், வயலில் போய்ப் பார்த்தால் அல்லவா விளங்கும் என்று சொல்லி, இஸ்ஸதீன் அதற்குத் ‘துருசுத் திறப்பு’ என்று பெயர் வைத்தார்.

அதற்கு ஒரேயொரு நல்ல மறுமொழிதான் இருந்தது. கறுப்பு, தன் ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ள வேண்டும். அதையும் இஸ்ஸதீன்தான் கண்டுபிடித்தார். “ராணிச் சிப்பாய், ரெண்டு கட்டம்” என்று அவர் சொல்ல, தில்லைநாதனின் கை அந்தக் கறுப்புச் சிப்பாயை எடுத்து இரண்டு கட்டம் முன்னே வைக்கும். இரண்டு வருடம் அந்த ஒரு சிப்பாய்க்கு மருந்து தேடினார்கள். மந்திரியால் அதை வெட்டிவிட்டு அப்புறம் என்ன, அதற்கப்புறம் என்ன என்று பத்து நகர்வு வரை ஒரு கொப்பியில் எழுதி வைத்தார்கள். அந்தச் சிப்பாய் முந்நூறு தடவையாவது தில்லைநாதனின் விரலால் அந்த இரண்டு கட்டத்தைக் கடந்திருக்கும்.

இதெல்லாம் 1962 ஆனி வரை நல்லபடியாக நடந்தது. அந்தத் தடத்து ஸ்டேசன்கள் எல்லாம் ஒரே லைனில் தொங்கின. எவர் ரிசீவரை எடுத்தாலும் எல்லாருடைய கதையும் கேட்கும். மற்ற மாஸ்டர்கள் கேட்டார்கள், சிரித்தார்கள், விட்டுவிட்டார்கள். ஒருநாள் ரிசீவரை எடுத்தவர் இன்ஸ்பெக்டர் யோகலிங்கம். அடுத்த நாள் காலை அவர் டிராலியில் பாலைமுறிப்பில் வந்து இறங்கினார்.

“தில்லைநாதன், அரசாங்க லைனிலை மந்திரியை வெட்டுறது, ராணியைப் பிடிக்கிறது எண்டு என்ன கதை நடக்குது?”

“செஸ் சேர். வண்டி இல்லாத நேரத்திலை மட்டும்தான்.”

யோகலிங்கம் பையிலிருந்து விளக்கம் கேட்கும் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். வைத்தவரின் கண் பலகையில் விழுந்தது. அவரும் செஸ்காரர். வவுனியாவில் அரசாங்க உத்தியோகத்தர் சங்கத்து ஆட்டப் போட்டியில் இரண்டு வருடம் தொடர்ந்து வென்றவர். பலகையைச் சுற்றி ஒருதடவை நடந்தார். பிறகு சிரித்தார்.

“டெலிபோனிலை ஆடுறது செஸ்ஸே இல்லை, தெரியுமோ? எதிரிலை ஆள் இருக்க வேணும். அவன்ரை முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆட வேணும். இது கிளி கதைக்கிற மாதிரி ஒரு விளையாட்டு.”

தில்லைநாதனுக்கு எரிந்தது. கடிதத்தோடு விட்டிருந்தால் தலைகுனிந்திருப்பார். கிளி என்று சொன்னதுதான் பொறுக்க முடியவில்லை. ஆறு வருடத்தை ஒரு வார்த்தையில் தூக்கிக் குப்பையில் போட இந்த மனுசன் யார்?

“நான் வவுனியாவுக்கு வந்து ஆடுறன் சேர்,” என்றார். “உங்களோடையே ஆடுறன்.”

யோகலிங்கத்துக்கு அது பிடித்துவிட்டது. “சரி. ஆவணியிலை போட்டி. நீர் என்னை வெண்டால் இந்தக் கடிதத்தைக் கிழிச்சுப்போடுறன். லைனிலை நீங்கள் ரெண்டு பேரும் ஆடுறதை நான் கேட்கவே இல்லை. தோத்தால் லைனிலை செஸ் எண்ட கதையே இருக்கக் கூடாது. ஒரு வார்த்தை இருக்கக் கூடாது.”

“ஓம் சேர்.”

“சொன்ன சொல் மாறக் கூடாது.”

“நான் மாறுறேல்லை,” என்றார் தில்லைநாதன்.

இஸ்ஸதீனுக்கு இதைச் சொன்னபோது அவர், “என்னை ஒரு சொல் கேட்டியளோ மாஸ்டர்? ரெண்டு பேரின்ரை ஆட்டத்தை நீங்கள் ஒருத்தராய்ப் பந்தயம் வைச்சிட்டியள்” என்றார். கோபம்தான். ஆனாலும் அடுத்த இரண்டு மாதமும் அவர் துருசுத் திறப்பைத் தவிர வேறெதையும் ஆடவிடவில்லை. நாகேஸ்வரி மட்டும் வேறு கட்சி. “நீங்கள் தோத்தால் நல்லம். டெலிபோன் பெட்டியோடை கதைக்கிற வாயாலை எங்களோடையும் ரெண்டு வார்த்தை கதைப்பியள்” என்று சொல்லிக்கொண்டே போட்டிக்குப் போட வெள்ளைச் சட்டையைத் தோய்த்துக் கஞ்சி போட்டாள்.

போட்டி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. எட்டுப் பேர். மத்தியஸ்தர் அப்புத்துரை மாஸ்டர், கணக்குப் படிப்பிக்கிறவர். காலையில் விதிகளை வாசித்தார். தொட்ட காயை நகர்த்த வேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால், அதை வெட்டக்கூடிய காய் இருந்தால் வெட்டியே ஆக வேண்டும். அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் ஒருவர் எழும்பி, “மாஸ்டர், இது என்ன உலகப் போட்டியோ, கொஞ்சம் விட்டுக் குடுக்கலாம்தானே” என்றார். மண்டபத்தில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். அப்போது எழும்பியவர் வேறு யாருமில்லை, தில்லைநாதன்தான். “விட்டுக் குடுக்கிறதெண்டால் வீட்டிலையே ஆடியிருக்கலாம். விதி எண்டால் விதி” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். கிளாக்கர் உட்கார்ந்துவிட்டார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சுற்றில் எதிரே இருந்தவர் தபால் கந்தோர்க்காரர். வாயே திறக்காத பிறவி. சத்தம் வராததால் தில்லைநாதன் கண்ணைத் திறந்தபடியே இருக்க வேண்டியதாயிற்று. எதிரில் ஒரு ஆள் மூச்சு விடுவதும், மூக்கைத் தடவுவதும் அவருக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது. ஒருதடவை தபால்காரர் யோசித்துக்கொண்டிருக்கையில் இவர் கை அவருடைய குதிரையை நோக்கிப் போனது. பாதி வழியில் பிடித்து நிறுத்தி, அதைத் தலை சொறிவதாக மாற்றிக்கொண்டார். பிறகு வலக்கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தபடி ஆடி, இருபத்தெட்டு நகர்வில் வென்றார்.

இரண்டாம் சுற்றுக்குச் சீட்டுக் குலுக்கியதில் யோகலிங்கம் வந்தார். வெள்ளைக் காய் தில்லைநாதனுக்கு.

முதல் நாலு நகர்வும் மளமளவென்று போயின. தில்லைநாதன் சிப்பாய்களைக் கொடுக்கக் கொடுக்க யோகலிங்கம் ஒவ்வொன்றாய் வெட்டினார். “சும்மா தாறதை ஏன் விடுவான்?” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். மூன்றாவது சிப்பாயையும் வெட்டிவிட்டுத்தான் பலகையை ஒழுங்காகப் பார்த்தார். இரண்டு மந்திரிகளும் பக்கம் பக்கமாக நின்றன. சிரிப்பு மெல்லக் குறைந்தது.

“இது டேனிஷ்காரர் ஆடுற திறப்பு. புத்தகத்திலை கிடக்கு,” என்றார்.

தில்லைநாதனுக்கு நெஞ்சில் ஒரு அடி. டேனிஷ்காரரா? எந்த நாட்டு மனுசர் எந்தக் காலத்தில் இஸ்ஸதீனின் துருசைத் திறந்தார்கள்? ஆனால் அதை நினைத்துக்கொண்டிருக்க இது நேரமில்லை. யோகலிங்கம் யோசிக்கத் தொடங்கிவிட்டார். பென்சிலால் பல்லில் தட்டினார். நெற்றியைத் துடைத்தார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார், முன்னுக்கு இழுத்தார். பத்து நிமிடம் போனது. அந்த முகத்தை இன்னும் ஒரு நிமிடம் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும் போல இருந்தது. தில்லைநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

மூடியதும் எவ்வளவு நிம்மதி! இருட்டு. ஒரு பலகை. ஒரு குரல். பாலைமுறிப்பே வந்துவிட்டது. தொடைக்குக் கீழே இருந்த கையும் தானாகவே வெளியே வந்து மேசையில் அமர்ந்தது.

யோகலிங்கம் யோசிக்கும்போது வாய்க்குள் முணுமுணுக்கிறவர். அது அவருடைய பழக்கம். அதில் சூது ஒன்றும் இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்ல வேண்டும். “ராணிச் சிப்பாய்,” என்றார் அவர் தனக்குள். “ம்ம்... ரெண்டு கட்டம்.”

தில்லைநாதனின் உடம்பெல்லாம் சிலிர்த்தது. வந்துவிட்டது! இரண்டு வருடம் மருந்து தேடிய அதே நகர்வு. கொப்பியில் எழுதிய பத்து நகர்வும் மூடிய கண்ணுக்குள் வரிசையாக ஓடின. அந்த ஓட்டத்தில், யோகலிங்கம் மனம் மாறி, அந்தச் சிப்பாயை விட்டுவிட்டு, சத்தமில்லாமல் ஒரு குதிரையை எடுத்து முன்னே வைத்தது அவருக்குத் தெரியாது.

“ம். ஆடும்,” என்றார் யோகலிங்கம்.

தில்லைநாதன் கண்ணைத் திறந்தார். கறுப்பு ராணிச் சிப்பாய் இன்னும் தன் வீட்டிலேயே நின்றது. குரல் வந்த பிறகு அது எப்போதும் வீட்டில்தான் நிற்கும். இவர் கைதான் போய் எடுத்து வைக்க வேண்டும். கை போனது. இரண்டு விரலால் சிப்பாயைத் தூக்கி, இரண்டு கட்டம் முன்னே வைத்தது. அதே வேகத்தில் அதை வெட்டத் தன் மந்திரியைத் தேடியது. அப்போதுதான் எதிரே ஒரு வாய் திறந்தபடி இருப்பதை அவர் கண்டார். அதற்குப் பிறகுதான் குதிரையைக் கண்டார்.

“எனக்காக நீரே ஆடுறீரோ?” என்றார் யோகலிங்கம்.

மண்டபம் சிரித்தது. காலையில் உட்கார்த்தி வைக்கப்பட்ட கச்சேரிக் கிளாக்கர் எழும்பி நின்று சிரித்தார்.

“நீங்கள் சொன்னியள்,” என்றார் தில்லைநாதன்.

“நான் யோசிச்சனான்.”

“ராணிச் சிப்பாய், ரெண்டு கட்டம் எண்டு சொன்னியள். சொன்னால் ஆடினதுதான்.”

அப்புத்துரை மாஸ்டர் வந்து இருவரையும் கேட்டார். பிறகு கணக்குப் பிழையைச் சுட்டிக்காட்டும் குரலில் சொன்னார்: “இஞ்சை வாயாலை ஆடுறேல்லை தில்லைநாதன். கையாலை ஆடுறது. இப்ப உம்மடை முறை. நீர் தொட்டது எதிராளியின்ரை சிப்பாய். அதைத் திருப்பி வீட்டிலை வையும். அதை வெட்டக்கூடிய காய் உம்மிட்டை இருக்கோ?”

தில்லைநாதன் பலகையைப் பார்த்தார். தன்னுடைய மூன்று சிப்பாய்களையும் கொடுத்துவிட்டதால் நடுவழி திறந்து கிடந்தது. அந்த வழியின் ஒரு முனையில் கறுப்புச் சிப்பாய். மற்ற முனையில் இவருடைய ஒரே ஒரு காய்.

“இருக்கு,” என்றார்.

“எது?”

“ராணி.”

சிரிப்பு நின்றுவிட்டது. அந்தச் சிப்பாய்க்கு ஐந்து காய்கள் காவல் நின்றன. ராணி போய் அதை வெட்டினால் திரும்பி வராது. ஒரு சிப்பாய்க்கு ஒரு ராணி. வாசலில் நின்ற, செஸ் தெரியாத பள்ளிக்கூடப் பியோனுக்குக்கூட அது விளங்கியது.

யோகலிங்கத்துக்கே பொறுக்கவில்லை. “வேண்டாம் மாஸ்டர், விடுங்கோ. பழக்கத்திலை போன கை. தில்லைநாதன், சிப்பாயைத் திருப்பி வைச்சிட்டு உம்மடை ஆட்டத்தை ஆடும். எனக்கு ஆட்சேபம் இல்லை.”

அப்புத்துரை மாஸ்டரும் “எதிராளிக்குச் சம்மதம் எண்டால் நான் கண்டுகொள்ளேல்லை” என்றார்.

ஒரு ‘ஓம்’ சொன்னால் போதும். ஆறு வருடத்து ஆட்டம் மிஞ்சும். தில்லைநாதனுக்கும் அது தெரியும். ஆனால் அந்த ஓமை எந்த முகத்தோடு சொல்வது? காலையில் எழும்பி விதி எண்டால் விதி என்றவர் யார்? இஸ்ஸதீனின் ராணியை ஒரு மூச்சு இடம் கொடுக்காமல் வெட்டியவர் யார்? அதோடு, கிளி என்று சொன்ன மனுசனிடமிருந்தா பிச்சை வாங்குவது? இவருக்குத் தன் கையின் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தக் கையாலேயே கறுப்புச் சிப்பாயை வீட்டில் வைத்தார். அதே கையால் ராணியைத் தூக்கி, சிப்பாயை வெட்டினார்.

“ஆடுங்கோ சேர்.”

ராணியை எதனால் வெட்டுவது என்பது மட்டும்தான் யோகலிங்கத்துக்கு யோசனை. மந்திரியால் வெட்டினார். அதற்குப் பிறகும் தில்லைநாதன் எழும்பவில்லை. ராணியில்லாமல் இன்னும் இருபத்தைந்து நகர்வு இழுத்தார். வெல்லலாம் என்ற எண்ணத்திலல்ல. எழும்பினால் மண்டபத்து வாசல்வரை எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால் நடக்க வேண்டுமே.

வாசலில் யோகலிங்கம் தோளில் கை வைத்தார். “கடிதத்தைக் கிழிச்சுப்போடுறன். லைனிலை ஆடுங்கோ, நான் கேட்கேல்லை. உது ஒரு தோல்வியில்லை.”

“தோத்தால் ஒரு வார்த்தை இல்லை எண்டு நான் சொன்னனான் சேர். சொன்னது சொன்னதுதான்.”

“நானே விடுறன் எண்டு சொல்லுறன்!”

“நான் சொன்னதை நீங்கள் எப்பிடி விடுறது?” என்று கேட்டுவிட்டு அவர் ஸ்டேசனை நோக்கி நடந்தார். இப்படிப்பட்ட மனுசனை என்ன செய்வது? யோகலிங்கத்துக்கும் தெரியவில்லை. கடிதத்தை மட்டும் கிழித்துப் போட்டார்.

பின்னேர வண்டி இஸ்ஸதீனின் ஸ்டேசனில் இரண்டு நிமிடம் நின்றது. அவர் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடி வந்தார். தில்லைநாதன் நடந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

“குதிரையை எங்கை வைச்சவர்?” இஸ்ஸதீனுக்கு அதுதான் முதல் கேள்வி.

“ராசாப் பக்கத்துக் குதிரை. எங்கடை மந்திரியின்ரை வழியிலை, நேரை முன்னாலை.”

இஸ்ஸதீன் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அல்லாவே! ராசாச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியிருந்தால் அந்தக் குதிரை ஓட இடமில்லாமல் திண்டாடியிருக்கும்! அவர் பிழை விட்டவர் மாஸ்டர். அவர் பிழை விட்ட இடத்திலை நீங்கள் போய் அவருக்கு நல்ல ஆட்டத்தை ஆடிக் குடுத்திருக்கிறியள்!”

“தெரியும்.”

“இன்ஸ்பெக்டர் பிழையை விட்டுக் குடுக்கேல்லையோ?”

“குடுத்தவர். நான் வாங்கேல்லை.”

“லைன்?”

“அதையும் விடுறன் எண்டவர். நான் வேண்டாம் எண்டிட்டன். ஒரு வார்த்தை கதைக்கேலாது.”

இஸ்ஸதீன் அவரைப் பார்த்தபடி நின்றார். கண் கலங்கியிருந்தது. கோபமா துக்கமா என்று தில்லைநாதனுக்குப் பிடிபடவில்லை. காதால் கேட்டிருந்தால் பிடிபட்டிருக்கும். கார்ட் விசில் ஊதினார்.

“அந்த ஆட்டத்தைக் கலைக்காதையுங்கோ,” என்றார் இஸ்ஸதீன், நகரும் வண்டியோடு நடந்துகொண்டே. “வீட்டை போய், உங்கடை ரெண்டு மந்திரியும் வந்து நிண்ட இடத்திலை காயளை வைச்சிருங்கோ. கறுப்பு இன்னும் ஆடேல்லை. அவர் ஆடினதை நான் ஒத்துக்கொள்ளேல்லை.”

தில்லைநாதன் அப்படியே வைத்தார். வைத்தது இஸ்ஸதீன் சொன்னதற்காகவும்தான், தன்னைத் தானே தண்டிப்பதற்காகவும்தான். காலையில் கந்தோருக்கு வந்ததும் அந்தக் கறுப்புச் சிப்பாய் கண்ணில் படும். வீட்டிலேயே நிற்கும். மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், டெலிபோனில் ரயில் கதை மட்டும்தான் போனது. ‘லைன் கிளியரோ?’ ‘லைன் கிளியர்.’ ரிசீவரை வைத்தபின் கந்தோரில் இருந்த அமைதி காதை அடைத்தது. ஏரம்புவை எதற்கெடுத்தாலும் ஏசினார். சோறு குழைந்தது என்றார், அடுத்த நாள் சோறு வேகவில்லை என்றார். மாற்றம் கேட்டு ஐந்தாவது கடிதம் எழுதி, அனுப்பாமல் மேசை லாச்சியில் போட்டார். வாய் திறந்து கதைப்பார் என்று ஆசைப்பட்ட நாகேஸ்வரியே ஒருநாள் சலித்துப்போய்க் கேட்டுவிட்டாள்.

“இஞ்சேருங்கோ, அந்த இன்ஸ்பெக்டர் விடுறன் எண்டு சொன்னது உண்மையோ?”

“ஓம்.”

“பின்னை ஏன் இப்பிடி முறுகிக்கொண்டு திரியிறியள்? டெலிபோனை எடுத்து இஸ்ஸதீனோடை ஆடுங்கோவன்.”

“ஒரு வார்த்தை கதைக்கிறேல்லை எண்டு சொல்லியாச்சு.”

“உங்களை ஒரு கல்லு எண்டு அவர் சொன்னது சரிதான்,” என்று அவள் குசினிக்குள் போய்விட்டாள்.

அடுத்த நாள் பத்தரை மணிக்குச் சாமான் வண்டிக்கு வழி கேட்டு இஸ்ஸதீன் எடுத்தார். தில்லைநாதன் கொடுத்தார். வழக்கம்போல அவர் சொன்ன ‘லைன் கிளியர்’ உறுதிக்காக அந்தப் பக்கத்திலிருந்தும் ஒருதடவை திரும்பி வந்தது. அந்தப் பக்கம் ரிசீவரை வைக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தார். வைக்கவில்லை. இவரும் வைக்கவில்லை. தன்னையறியாமல் கண் மூடியது, தலை சாய்ந்தது.

டொக்.

கொஞ்சம் பொறுத்து, ஆறு வருடத்துக்கு முந்திய அதே இடைவெளியில், இன்னொரு டொக்.

மரக்காய் மரப்பலகையில் ஒரு கட்டம், பிறகு இன்னொரு கட்டம். ஒரு வார்த்தை இல்லை. தில்லைநாதன் கண்ணைத் திறந்தார். கறுப்பு ராணிச் சிப்பாய் தன் வீட்டிலேயே நின்றது. கை போனது. இந்தத் தடவை அவர் அதைத் தடுக்கவில்லை. இரண்டு விரலால் தூக்கி, இரண்டு கட்டம் முன்னே வைத்தார்.

அதோ நிற்கிறது. வவுனியாவில் ஒரு மண்டபம் நிறைந்த ஆட்கள் பார்க்க வேண்டியது. இந்தப் பாழாய்ப்போன காட்டில், பார்க்க ஒருவருமில்லாமல், மூன்று கிழமை பிந்தி வந்து நிற்கிறது! ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மந்திரியைத் தூக்கி, ரிசீவரின் வாய்க்குப் பக்கத்தில் பலகையை இழுத்து வைத்து, அந்தச் சிப்பாயின் தலையில் ஓங்கிப் போட்டார். சிப்பாய் மேசையிலிருந்து விழுந்து உருண்டு போனது. வெளியே கொடி சுருட்டிக்கொண்டிருந்த ஏரம்பு திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பக்கம் இஸ்ஸதீன் சிரிப்பது கேட்டது. முதலில் அடக்கிப் பார்த்தார், பிறகு அடங்கவில்லை. சிரிப்பு வார்த்தையில் சேருமா என்று தில்லைநாதன் ரிசீவரைப் பிடித்தபடி நியாயமாக யோசித்துப் பார்த்தார். சேராது என்று தீர்மானித்த பிறகுதான் தானும் சிரித்தார்.